நெஸ்மாவா ஜவ்ஹராவா

மஹல்லா நகரத்துத் துணி ஆலையின் சாயப் பிரிவில் இன்ஷிராஹ் வைத்ததுதான் சட்டம். இரண்டு வெள்ளைத் துணிகளை அவள் முன்னால் விரித்துப் போட்டால் போதும். “இது பால் வெள்ளை, இருக்கட்டும். இது எலும்பு வெள்ளை, திருப்பி அனுப்பு” என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள். பக்கத்தில் நிற்கிற நாலு பேருக்கும் இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். ஆனாலும் தலையாட்டுவார்கள். தலையாட்டாமல் அவளிடம் வேலை பார்த்துவிட முடியாது.

வீட்டிலும் அதே கதைதான். அப்பா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. தம்பி என்ன படிப்பது, தங்கைகள் யாரைக் கட்டிக்கொள்வது, அம்மாவின் முழங்காலுக்கு எந்த டாக்டர், பெருநாளைக்கு எந்த ஆடு, எல்லாம் அன்றிலிருந்து அவள் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும். யாருக்கும் அவள் குறை வைக்கவில்லை. தங்கைகள் நன்றாக இருக்கிறார்கள், தம்பி இன்ஜினியர் ஆகிவிட்டான், அம்மா மாடிப்படி ஏறுகிறாள். ஆடுகளைப் பற்றிக்கூட இதுவரை புகார் இல்லை. இத்தனையையும் முடித்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தபோது வயது முப்பத்தெட்டு ஆகியிருந்தது. பெண் கேட்டு யாரும் வராமல் இல்லை. வந்தவர்கள் ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தங்கள் சொந்தச் சிக்கல் ஏதாவது ஒன்றுக்கு அவளிடம் தீர்ப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன் அவள் யோசனைப்படியே வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான்.

அந்த வருஷம் எழுத்துகள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தன. கடைத்தெருவில் இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரன் பஹ்கத்துக்கு நாற்பத்து மூன்று வயது. நல்ல பருமன், முன்வழுக்கை, குரல் மட்டும் பஞ்சு. லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டான்.

“இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?”

“ரெண்டாவது.”

“இப்ப?”

“முதல்.”

“இருபது வருஷமா இந்தக் கேள்வியைக் கேக்குறேன் மேடம். ‘தெரியலையே, ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு’ன்னு சொல்லாத முதல் ஆள் நீங்கதான்” என்றான் பஹ்கத். சொல்லிவிட்டு காது வரைக்கும் சிவந்துபோனான்.

ஒரு மாதம் கழித்து அவன் அக்கா ஹிக்மத் இனிப்புப் பெட்டியோடு வந்து பெண் கேட்டாள். அம்மா இல்லாத வீடு அவர்களுடையது. தம்பியை வளர்த்தவள் அக்காதான். அவன் சட்டைப் பொத்தான் முதற்கொண்டு அவள்தான் தேர்ந்தெடுப்பாள் என்று கடைத்தெருவே சொல்லும். இன்ஷிராஹ் வழக்கம்போல ஒரே நொடியில் பதில் சொன்னாள். சரி என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியம் அவளைப் பிடித்துக்கொண்டது. வரவேற்பறைத் திரைச்சீலை என்ன நிறம்? “நீ பாத்து எது சொன்னாலும் சரி.” குளிர்பதனப் பெட்டி எந்தப் பக்கம் திறக்க வேண்டும்? “நீ பாத்து எது சொன்னாலும் சரி.” கல்யாணத் தேதி, நாற்காலித் துணி, பாட்டுக்காரன், பால் ரொட்டி, எல்லாவற்றுக்கும் அதே பஞ்சுக் குரலில் அதே பதில். முதல் மாதம் அவளுக்கு அது தேனாக இனித்தது. இரண்டாவது மாதம் பழகிப்போயிற்று. மூன்றாவது மாதம் செருப்புக்குள் புகுந்த கல்லாகிவிட்டது. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லி அலுத்தவளுக்கு, வந்து வாய்த்தவனும் ஒரு வழக்கோடுதான் வந்து நிற்கிறான்.

அது மட்டுமென்றால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவள் மனசை அரித்தது வேறு. இந்த மனுஷனுக்கு எதுவுமே வேண்டாமா? எதுவுமே வேண்டாதவனுக்கு நான் மட்டும் எப்படி வேண்டியவள் ஆனேன்? அக்கா பார்த்தாள், அக்கா சொன்னாள், இவன் ‘நீ பாத்து எது சொன்னாலும் சரி’ என்றிருப்பான், கதை முடிந்திருக்கும். இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஓர் ஆசை. இவன் வாயிலிருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘எனக்கு இதுதான் வேணும்’ என்று வந்துவிட வேண்டும். என்ன பொருளாக வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒரு துடைப்பக்கட்டையாகக்கூட இருக்கட்டும்.

அப்போதுதான் கப்பல் விஷயம் வந்தது. கல்யாணம் முடிந்ததும் லக்ஸரிலிருந்து அஸ்வான் வரை ஆற்றில் நான்கு நாள் கப்பலில் போவதென்று பேச்சு. பயண அலுவலகத்துக் கமீல் மேஜைமேல் இரண்டு படங்களை வைத்தான்.

“அக்கா, இது நெஸ்மா. நாப்பது வயசு. இருபத்திரண்டு ரூம். மேல்தளம் மரம், கைப்பிடியெல்லாம் பித்தளை. ரெண்டாவது நாளே சமையக்காரர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நீங்க குறட்டை விட்டா பக்கத்து ரூமுக்குக் கேக்கும், அதையும் இப்பவே சொல்லிடறேன். இது ஜவ்ஹரா. போன வருஷம்தான் தண்ணியில இறங்கினது. எம்பது ரூம், அஞ்சு மாடி, லிஃப்ட், உச்சியில நீச்சல் குளம். கூடத்துல தொங்குற சரவிளக்கு ஒண்ணு மட்டும் ஒரு லாரி எடை. எது?”

இன்ஷிராஹ் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பஹ்கத்தைப் பார்த்தாள். பஹ்கத் இரண்டு படங்களையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். சொல்லப்போகிறான், இதோ சொல்லப்போகிறான்.

“ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. நீ பாத்து எது சொன்னாலும் சரி.”

சரி, இவனைச் சீண்டித்தான் பார்க்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். “ஜவ்ஹரா” என்றாள். “ரொம்ப நல்லது, லிஃப்ட் இருக்கு” என்றான். மறுநாள் போன் போட்டு “நெஸ்மா” என்றாள். “ரொம்ப நல்லது, சத்தமில்லாம இருக்கும்” என்றான். வியாழக்கிழமை ஜவ்ஹரா, சனிக்கிழமை நெஸ்மா, திங்கட்கிழமை மறுபடி ஜவ்ஹரா. எங்கேயாவது ஓரிடத்தில் இவன் முகம் சுளிக்க மாட்டானா, ‘போதும், இது இருக்கட்டும்’ என்று ஒரு அதட்டுப் போட மாட்டானா என்று அவள் காத்திருந்தாள். பஹ்கத் எல்லாவற்றுக்கும் ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது என்றே சொன்னான். முகம் சுளித்தது கமீல்தான்.

“கல்யாணம் உங்களுக்கு, பைத்தியம் எனக்கா அக்கா? சாயப் பட்டறையில ஒரு நொடியில சொல்வீங்கன்னு ஊரே பேசுது. இன்னியோட ஏழு தடவை மாத்தியாச்சு. அந்த ரெண்டு கப்பல்காரனும் என் நம்பரைப் பாத்தாலே போனை அணைச்சிடறான்.”

“அப்ப நீயே போட்டுக்கோ கமீல். எங்க ரெண்டு பேர்ல யாருக்கும் வாய் கிடையாது.”

கமீல் கண்ணை மூடிக்கொண்டு படிவத்தில் நெஸ்மா என்று எழுதினான்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. மூன்றாம் நாள் காலை, ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்த இடுப்பு வலியோடு இருவரும் லக்ஸர் படித்துறையில் நின்றார்கள். இன்ஷிராஹ் கையில் இரண்டு பெட்டிகள். பஹ்கத் கையில், அம்மா வறுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்த முழு வாத்து. புதுசாகக் கல்யாணமானவர்கள் வெறும் கப்பல் சாப்பாட்டை நம்பிப் போனால் ஊர் என்ன பேசும் என்று அம்மா கேட்டிருந்தாள்.

படித்துறையில் இடம் கொஞ்சம், கப்பல்கள் நிறைய. அதனால் ஒன்றின் தோளில் இன்னொன்றாகக் கட்டிப் போட்டிருப்பார்கள். வெளியே கிடக்கிற கப்பலுக்குப் போக வேண்டுமானால், உள்ளே கிடக்கிற கப்பலின் கூடத்துக்குள் நுழைந்து மறுபக்கக் கதவால் வெளியேறி, நடுவில் போட்டிருக்கும் பலகையைத் தாண்ட வேண்டும். அன்றைக்குக் கரையை ஒட்டி நின்றது ஜவ்ஹரா. அதன் மறுபக்கத்தில், பெரிய அக்காவின் பின்னால் நிற்கும் சின்னத் தங்கைபோல ஒண்டிக் கிடந்தது நெஸ்மா.

ஜவ்ஹராவின் கூடத்தில் கால் வைத்ததும் இன்ஷிராஹ் அண்ணாந்து பார்த்தாள். கமீல் பொய் சொல்லவில்லை. சரவிளக்கு அப்படியே வானத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. தன்னையறியாமல் அவளுக்கு ஒரு பெருமூச்சு வந்தது. பஹ்கத் அதைப் பார்த்தான். மறுபக்கக் கதவுக்கு வந்து பலகையில் காலை வைக்கும்போது அவன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான். ஒரு கையில் வாத்தை அணைத்துப் பிடித்திருந்தான், மறு கையால் அவள் முக்காட்டுத் துணியின் ஓரத்தைப் பற்றியிருந்தான்.

“என்ன ஆச்சு உனக்கு?”

“தண்ணின்னா எனக்குக் கொஞ்சம்...”

“கொஞ்சம் என்ன?”

“கொஞ்சம் சாவு பயம்.”

“அப்புறம் எதுக்குய்யா கப்பலுக்கு வந்தே?”

“நீதானே ஆத்தைப் பாக்கணும்னு சொன்னே.”

அரை நிமிஷம் அவளுக்கு மனசு இளகிப்போனது. அடுத்த அரை நிமிஷத்தில் கோபம் வந்தது. பயப்படுகிற விஷயத்திலும் இவனுக்கென்று ஒரு வேண்டாம் கிடையாதா?

நெஸ்மாவின் கூடத்தில் நான்கு நாற்காலிகள், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு தூங்குகிற பூனை. அவ்வளவுதான் கூடம். அறைக்குப் போனதும் பஹ்கத் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, பலகையைக் கடந்த களைப்பு தீரக் கண்ணை மூடினான். இன்ஷிராஹ் குளிக்கலாமென்று குளியலறையில் குழாயைத் திறந்தாள். அப்போது போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி ஸுஹைர், வீடியோ அழைப்பு.

ஸுஹைர் தன் தேனிலவுக்குக் கடற்கரை விடுதிக்குப் போனபோது தட்டு, கரண்டி, தண்ணீர்க் குழாய் உட்பட எல்லாவற்றையும் வீடியோவில் காட்டியவள். இப்போது பழிக்குப் பழி கேட்டு நிற்கிறாள். “அக்கா! எங்க, கப்பலைக் காட்டுங்க பாப்போம்!”

இன்ஷிராஹ் நான்கு நாற்காலிகளையும் பூனையையும் நினைத்துப் பார்த்தாள். “சிக்னல் சரியில்ல. ரெண்டே நிமிஷம் இரு” என்று அணைத்துவிட்டு, குழாயைக்கூட மூடாமல் குளியலறைக் கதவைச் சாத்தி, பலகையைத் தாண்டி ஜவ்ஹராவுக்குள் ஓடினாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் செய்த முதல் திருட்டுத்தனம். ஓடும்போதே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

சரவிளக்கைக் காட்டினாள். லிஃப்ட்டைக் காட்டினாள். அதில் ஏறி ஐந்தாவது மாடிக்குப் போய் நீச்சல் குளத்தைக் காட்டினாள். ஸுஹைர் வாயைப் பிளந்தாள். அந்த வாயை மூட விடாமல் குளத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். ஊதல் சத்தம் கேட்டது, தளம் லேசாக அதிர்ந்தது, எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“ஆத்தைக் காட்டுங்க அக்கா! அடடா, அந்தக் குட்டிக் கப்பல் எவ்ளோ அழகு! பித்தளை எப்படி மின்னுது பாருங்க. அது யாரோடது?”

இன்ஷிராஹ் திரும்பிப் பார்த்தாள். நடு ஆற்றில் நெஸ்மா தனியாக மிதந்துகொண்டிருந்தது. உள்ளே கிடக்கிறது கிளம்ப வேண்டுமென்றால் வெளியே கிடக்கிறது முதலில் விலகித்தானே ஆக வேண்டும்.

“அது... என் புருஷனோடது” என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள். துண்டித்த கையோடு பஹ்கத்துக்குப் போட்டாள்.

“குளிச்சிட்டியா? ஒண்ணும் அவசரமில்ல. நீ பாத்து எப்ப வந்தாலும் சரி” என்றது பஞ்சுக் குரல்.

“பஹ்கத், எந்திரிச்சு ஜன்னலைத் திற.”

“திறந்துட்டேன்.”

“பக்கத்துல ஒரு பெரிய கப்பல் தெரியுதா? உச்சி மாடியில ஒருத்தி கையாட்டுறாளா?”

“ஆட்டுறா.”

“அது யாரு?”

போனில் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. “அப்ப குளியலறையில யாரு?” என்றான் பஹ்கத்.

ஜவ்ஹராவின் மேலாளர் வாஸிஃப், கழுத்துப்பட்டையும் கையில் பட்டியலுமாக வந்து அறை எண் கேட்டான். எந்தக் கேள்விக்கும் ஒரு நொடியில் பதில் சொல்கிறவள் முதல்முறையாக விழித்தாள். விஷயம் தெரிந்ததும் வாஸிஃப் சிரித்த சிரிப்பில் பட்டியல் கீழே விழுந்தது. நெஸ்மாவின் கப்பல் தலைவருக்குப் போன் போட்டான். “உங்க மாப்பிள்ளையைப் பத்திரமா வச்சிருக்கீங்களா? பொண்ணு எங்க கிட்ட. மூணு மணிக்கு இஸ்னா மதகுகிட்ட நிக்கும்போது கணக்குத் தீத்துக்கலாம்.”

கதை ஐந்து மாடிகளுக்கும் தீயாகப் பரவியது. மாப்பிள்ளை இல்லாத மணப்பெண் ஏறியிருக்கிறாள் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? சமையல்கட்டிலிருந்து ஒரு கேக் வந்தது. பரிமாறுகிற பையன்கள் தட்டு மேளம் எடுத்து வந்தார்கள். அலெக்ஸாந்திரியாவிலிருந்து பேரன் பேத்தியோடு வந்த ஒரு சீமாட்டி அவளைத் தன் பக்கத்துச் சாய்நாற்காலியில் உட்கார வைத்து, “உன் வீட்டுக்காரன் நல்லவனா?” என்று விசாரணையை ஆரம்பித்தாள். மொழி தெரியாத செக் நாட்டுக் கிழவர் ஒருவர் எழுந்து வணங்கி அவளை ஆடக் கூப்பிட்டார். இன்ஷிராஹ் ஆடினாள். கல்யாணத்தன்று சமையல்காரனையும் பாட்டுக்காரனையும் மேய்த்துக்கொண்டு நின்றதில் அவள் ஆடவே இல்லை. இப்போது மேய்க்க யாருமில்லை. மூன்று துண்டு கேக் தின்றாள், தலை கிறுகிறுக்கச் சுற்றினாள், செருப்பைக் கழற்றி வீசினாள். இத்தனை லேசாக அவள் என்றைக்கும் இருந்ததில்லை. பின்னால் ரொம்ப தூரத்தில் நெஸ்மா புகை விட்டுக்கொண்டு தொடர்ந்து வந்தது. அதன் முன்முனையில் பருமனான ஓர் உருவம் கைப்பிடியைக் கட்டிப்பிடித்து நின்றதை மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

வாஸிஃப் வந்து குனிந்து சொன்னான். “மேடம், பால்கனி வச்ச ரூம் ஒண்ணு காலியா இருக்கு. உங்களுக்குத்தான், எங்க கல்யாணப் பரிசு. இஸ்னாவுல உங்க வீட்டுக்காரரை இங்க கொண்டுவந்துடறேன். ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்.”

அவள் பஹ்கத்துக்குப் போட்டாள். “இங்க நமக்கு ரூம் தர்றாங்களாம். பால்கனியோட. நீ இங்க வர்றியா, நான் அங்க வரட்டுமா?”

“உனக்கு அங்க சந்தோஷமா இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப நீ பாத்து எது...”

“உஸ்தாஸ் பஹ்கத்.” கோபம் முற்றினால் அவளுக்கு மரியாதை கூடிவிடும். “இந்த வாக்கியத்தை நீங்க முடிச்சீங்கன்னா, நான் அஸ்வான்ல இறங்கி நேரா மஹல்லாவுக்கு ரயில் ஏறிடுவேன். தனியா.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே தாங்கவில்லை. “வாத்து என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

“தொடல. நீ இல்லாம எப்படி?”

அவள் போனை அணைத்துவிட்டு, சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுதாள். அழுதுகொண்டே நாலாவது துண்டு கேக்கைத் தின்றாள். வாத்தைத் தொடாத மனுஷனை எப்படி வெறுப்பது? வேணும் என்று சொல்லாத மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

“உன் பிரச்சினை என்ன தெரியுமாடி?” என்றாள் சீமாட்டி. “என் வீட்டுக்காரன் நாப்பது வருஷமா அது வேணும் இது வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். எடுத்துக்கிறியா?”

மூன்று மணிக்கு இஸ்னா வந்தது. கப்பல்களை அணை தாண்டி விடுகிற மதகு திறக்கக் காத்து ஏழெட்டுக் கப்பல்கள் வரிசையில் நின்றன. கப்பல் நின்றதுதான் தாமதம், துணி வியாபாரிகளின் சின்னப் படகுகள் நாலா பக்கமும் வந்து அப்பிக்கொண்டன. கீழேயிருந்து அங்கிகளையும் மேஜை விரிப்புகளையும் பையில் போட்டு ஐந்தாவது மாடிக்குக் குறி தவறாமல் வீசினார்கள். ஒரு பை இன்ஷிராஹ்வின் மடியிலேயே விழுந்தது. பழக்கதோஷம், பிரித்து நூலைத் தேய்த்துப் பார்த்தாள். “முதல் துவையலுக்கே சாயம் போகும்! திருப்பி அனுப்பு!” என்று கத்திக் கீழே எறிந்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். வரிசையின் கடைசியில் வந்து நின்ற நெஸ்மாவின் பக்கத்திலிருந்து ஒரு படகு பிரிந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. துடுப்புப் போடுகிறவன் தலைப்பாகைக்காரன். நடுவில் மேஜை விரிப்புகளின் குவியல். குவியல் மேல் ஒரு பெரிய மனிதர் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் படகின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டிருந்தார். முன்வழுக்கை வெயிலில் மின்னியது.

அவள் எழுந்து கைப்பிடியருகே ஓடினாள். படகு ஜவ்ஹராவின் வயிற்றோரம் வந்து நின்றது. பஹ்கத் மெல்லத் தலையைத் தூக்கினான். கண்ணைத் திறந்தான். ஐந்து மாடியையும் அண்ணாந்து பார்த்தான்.

“இன்ஷிராஹ்! இறங்கி வா!”

அவள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “என்னது? கேக்கல!”

“இறங்கி வா! எனக்கு நெஸ்மாதான் வேணும்! முதல் நாள் படம் பாத்தப்பவே நெஸ்மாதான்!” பஞ்சுக் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை, அக்கரைக் கழுதை ஒன்று பதில் சொன்னது.

“கேக்கல!”

“ஏண்டி, உனக்குக் காது செவிடா? மதகுக்காரனுக்கே கேட்டுடுச்சு” என்றாள் சீமாட்டி.

“எனக்கும் கேக்குதும்மா. இன்னும் ஒரு தடவை கத்தட்டும். மூணு மாசம் காத்திருக்கேன்.”

“எனக்கு நெஸ்மா வேணும்! நீயும் வேணும்!”

“யோவ் மாப்ளே, ஆடாதே, படகு கவுந்துடும்!” என்று துணி வியாபாரி அலறினான். கையோடு மேலே பார்த்து, “தாயே, மேஜை விரிப்பு வேணுமா? அசல் மஹல்லாச் சரக்கு!” என்றான்.

வாஸிஃப் சமையல்கட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற கீழ்க் கதவைத் திறந்துவிட்டான். பால்கனி அறை வேண்டாமா என்று கேட்கக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. இன்ஷிராஹ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படகுக்குள் குதித்தாள். படகு ஆடிய ஆட்டத்தில் பஹ்கத் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

“கண்ணைத் திற. ஏன் அப்பவே சொல்லல?”

“சொல்ல முடியல.”

“வாயில என்ன, கொழுக்கட்டையா? நெஸ்மாதான் வேணும்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கமீலாவது பிழைச்சிருப்பான். அதுல அப்படி என்ன இருக்கு உனக்கு?”

“அது சின்னது. எங்க நின்னாலும் நீ கண்ணுல படுவே. இதுல நீ லிஃப்ட்டுல ஏறினா நான் எங்கன்னு தேடுவேன்?” அவன் மூச்சு வாங்கினான். “நான் ஒண்ணு கேட்டு, அது உனக்குப் பிடிக்காம, நீ முகத்தைத் திருப்பிக்கிட்டா என்ன பண்றதுன்னு பயம். தண்ணி பயத்தைவிடப் பெரிய பயம். அதான் உன் கிட்டயே விட்டுட்டேன்.”

தலைப்பாகைக்காரன் துடுப்பை நிறுத்தினான். “ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்களா? எந்தக் கப்பலுக்கு விடட்டும்?”

பஹ்கத் பழக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சட்டென்று முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு நொடி போயிற்று.

“சின்னதுக்கு விடு” என்றான் அவன். சொன்ன வேகத்தில் அணை உடைந்துவிட்டது. “அந்தத் திரைச்சீலை எனக்குப் பிடிக்கல. சாம்பல் நிறம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. எனக்கு மஞ்சள் வேணும். தேநீர்ல புதினா வேணாம். தலையணை ரெண்டு வேணும். வெள்ளிக்கிழமை உங்கம்மா வீடு வேணாம், சனிக்கிழமை போவோம். சாப்பிடும்போது ஜன்னல் பக்கம் நான் உக்காரணும்.”

“போச்சுடா. இதெல்லாம் எத்தனை நாளா உள்ள வச்சிருந்தே?”

“நாப்பத்து மூணு வருஷமா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கேட்டுவிட்டாள். மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றது அதுதான், இப்போது விட்டால் இனி கேட்க முடியாது.

“என்னைக் கட்டிக்கச் சொன்னதும் உங்கக்காதானே?”

“அக்காவா?” பஹ்கத் படகின் ஓரத்திலிருந்து ஒரு கையை எடுத்தான். தண்ணீர் மேல் இருக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. “அக்கா வேணாம்னுதான் சொன்னா. ‘ஊரையே ஆட்டி வைக்கிறவ, உன்னைக் கரைச்சுக் குடிச்சிடுவா’ன்னா. நான் மூணு நாள் சோறு திங்கல. நாலாவது நாள் இனிப்புப் பெட்டியை நானே வாங்கி அவ கையில வச்சு, வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தேன்.”

இன்ஷிராஹ் மேஜை விரிப்புக் குவியலில் தொப்பென்று உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள்ளிருந்து என்னவோ கிளம்பி மேலே மேலே வந்தது, அதைப் பிடித்து நிறுத்த அவளால் ஆகவில்லை. தலையை அண்ணாந்து, நாக்கைச் சுழற்றி, ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்கும்படி நீளமாக ஒரு குலவையிட்டாள். அம்மாக்களும் அத்தைகளும் இடுகிற குலவை அது. மணப்பெண் அடக்கமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்வாள். தன் கல்யாணத்துக்குத் தானே குலவையிடுகிற பெண்ணை இஸ்னா மதகு அதுவரைக்கும் பார்த்ததில்லை.